இன்ஜின் பூட்டிய பிறகு இன்ஜெக்டரில் பெட்ரோல் கசிவு: ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்

ஹெட்டை இறக்கி, வால்வு அரைத்து, புது கேஸ்கட் போட்டு, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டியாகிவிட்டது. சாவியை ஆன் செய்கிறீர்கள். பின்சீட்டுக்கு அடியில் பம்ப் இரண்டு மூன்று வினாடி ஓடி நிற்கிறது. அந்த நேரத்தில் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறினால், செல்ஃப் அடிக்காதீர்கள். சாவியை ஆஃப் செய்து பானெட்டை முழுதாகத் திறந்து வையுங்கள். வாடை கலைந்த பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். வாடை அடிக்கும்போதே டெர்மினலை இழுத்தால் அங்கே வரும் சின்னப் பொறியே போதும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. வண்டி குழி மேல் நின்றால் அது குழிக்குள் இறங்கித் தேங்கும். அப்படிப்பட்ட இடத்தில் இந்த வேலையே வேண்டாம். வண்டியை வெளியே தள்ளிவிட்டுச் செய்யுங்கள்.

இங்கே சொல்வது இன்டேக் மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதி) இன்ஜெக்டர் உட்காரும் சாதாரண பெட்ரோல் கார்களுக்கு. ஆல்டோ, வேகன்ஆர், சான்ட்ரோ போன்றவை. டீசலுக்கும், சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் பீச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோலுக்கும் கணக்கு வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் கசிவைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை அதில்தான் இருக்கிறது. ஒரு இன்ஜெக்டருக்கு இரண்டு ரப்பர். மேலே இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஃப்யூல் ரெயிலுக்குள், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் தரும் குழாய்க்குள், போகிறது. கீழே இருக்கும் ஓ-ரிங் அல்லது குஷன் மேனிஃபோல்ட் துளையில் உட்காருகிறது. பெட்ரோல் அழுத்தம் முழுவதையும் தாங்குவது மேல் ரப்பர் மட்டுமே. இந்த வண்டிகளில் அது சுமார் 3 பார், அதாவது 43, 44 பிஎஸ்ஐ. கார் டயருக்கு நாம் அடிக்கும் 30, 33 பிஎஸ்ஐயைவிட அதிகம். கீழ் ரப்பருக்குப் பெட்ரோல் அழுத்தம் வரவே வராது. மேனிஃபோல்டின் வெற்றிடம் வெளிக்காற்றை இழுக்காமல் அது தடுக்கிறது, அவ்வளவுதான். மேல் ரப்பர் போனால் பெட்ரோல் வெளியே வரும், கீழ் ரப்பர் போனால் காற்று உள்ளே போகும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே ஈரம் பார்த்துக் கீழ் ரப்பரை மாற்றி ஏமாற மாட்டீர்கள்.

சோதனைக்கு வேண்டியவை: எல்இடி டார்ச் (பழைய குண்டு பல்பு லீட் லாம்பு வேண்டவே வேண்டாம், பல்பு உடைந்தால் தீ), பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடி, வெள்ளை டிஷ்யூ பேப்பர், கைக்கெட்டும் தூரத்தில் உலர் பவுடர் தீயணைப்பான். பெட்ரோல் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.

ரெயில், இன்ஜெக்டர்கள், ஹோஸ் முனை எல்லாவற்றையும் துடைத்துக் காய விடுங்கள். காய்ந்த பிறகு பேட்டரியை மாட்டி, சாவியை ஆன் செய்து பம்ப் நின்றதும் ஆஃப் செய்யுங்கள். இப்படி நான்கைந்து முறை. இன்ஜின் சுற்றக் கூடாது. சாவி ஆன் ஆனதும் பம்ப் ஓடாத வண்டியாக இருந்தால் பம்ப் ரிலேவைத் தேடிப் பாருங்கள். அழுத்தம் ஏறியதும் ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ முனையை ஒற்றி எடுங்கள். ஈரமான இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ அதுதான் ஊற்றுக்கண். கீழே இருப்பதெல்லாம் வழிந்தது.

இன்ஜெக்டர் தலையில், ரெயிலோடு சேரும் இடத்தில் ஈரம்

இன்ஜின் பூட்டிய பிறகு வரும் கசிவில் பெரும்பாலானது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். காரணம் மேல் ஓ-ரிங். அது தானாகக் கெட்டிருக்காது, பூட்டும்போது நம் கையில்தான் கெட்டிருக்கும்.

ஒரு மூன்று சிலிண்டர் வண்டியில் ஹெட் கேஸ்கட் மாற்றிவிட்டு, நடு இன்ஜெக்டர் தலையில் பொட்டுப் பொட்டாகப் பெட்ரோல் வருவதைப் பார்த்தேன். ரெயில் போல்ட்டை இன்னும் கால் சுற்று இறுக்கினேன். நின்றது போலத் தெரிந்தது. பத்து நிமிஷத்தில் மறுபடி வந்தது. கழற்றிப் பார்த்தபோது ஓ-ரிங்கின் ஓரத்தில் பிறை நிலா மாதிரி ஒரு சீவல் போயிருந்தது, அரை நகக்கண் அளவுதான். அந்தச் சீவல் ரெயில் துளையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. உலர்ந்த ரப்பரைச் சாய்வாக வைத்து அழுத்தியிருக்கிறேன், துளை விளிம்பு கத்தி மாதிரி சீவி எடுத்துவிட்டது. போல்ட்டை இறுக்குவதால் இது சரியாகாது. ஓ-ரிங் தடுப்பது பக்கவாட்டில் துளைச் சுவரோடு அழுந்துவதால். போல்ட்டின் வேலை ரெயிலை இடத்தில் பிடித்து வைப்பது. கூட இறுக்கினால் அலுமினிய மரைதான் போகும். பிளாஸ்டிக் மேனிஃபோல்டாக இருந்தால் விரிசலே விழும்.

சரிசெய்யும் முறை இது. முதலில் அழுத்தத்தை இறக்குங்கள். ஓடுகிற இன்ஜின் என்றால் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு அது தானாக அணையும் வரை ஓட விடச் சொல்வார்கள். ஆனால் இப்போது கசிவு இருக்கிறது, ஓட விடக் கூடாது. ஃபியூஸைக் கழற்றி, பேட்டரியையும் கழற்றி, ரெயிலுக்கு வரும் ஹோஸ் இணைப்பைச் சுற்றிப் பனியன் துணியை இரண்டு மடிப்பாகச் சுற்றி, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு மெதுவாகக் கழற்றுங்கள். துணி உறிஞ்சிக்கொள்ளும். நனைந்த துணியை வண்டிக்கு அருகில் போடாதீர்கள்.

ரெயிலை நேராக மேலே தூக்குங்கள். ஒரு பக்கம் முதலில் தூக்கி மறுபக்கம் பிறகு என்றால் மற்ற ஓ-ரிங்குகளும் கிழியும். தூக்கியதும் துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய ஓ-ரிங் ரெயில் துளையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பது உண்டு. அது தெரியாமல் புதியதை இன்ஜெக்டரில் போட்டு அழுத்தினால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு நிற்கும், இன்ஜெக்டர் முழு ஆழம் போகாது. மேனிஃபோல்ட் துளையின் அடியிலும் இதே சிக்கல் வரும். துளைச் சுவரில் துரு, கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கும் கீறல் இருந்தால் புது ரப்பர் போட்டாலும் கசியும், ரெயிலைத்தான் மாற்ற வேண்டும். எமரி பேப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள். துளை பெரிதாவதோடு தூளும் இன்ஜெக்டருக்குள் போகும்.

ஓ-ரிங் வாங்குவதில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஹார்டுவேர் கடை டப்பாவில் அளவு பார்த்து எடுக்கும் கறுப்பு ரிங் தண்ணீர்க் குழாய்க்கானதாக இருக்கும். பெட்ரோலில் ஊறி உப்பும், பிறகு காய்ந்து சுருங்கும். உங்கள் வண்டியின் பார்ட் நம்பருக்கான ரிங் வாங்குங்கள், அல்லது விட்டான் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண நைட்ரைல் ரப்பரைவிட அது சூட்டையும் எத்தனால் கலந்த பெட்ரோலையும் நன்றாகத் தாங்கும். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பழைய வண்டியின் பழைய ரப்பருக்கு அது கூடுதல் சோதனை. ஒன்று கசிந்தாலும் மூன்றுக்கும் நான்குக்கும் சேர்த்து மாற்றுங்கள், எல்லாம் ஒரே வயசு. மேல் ரிங்கும் கீழ் ரிங்கும் ஒரே மாதிரி தெரிந்தாலும் சில வண்டிகளில் தடிமன் வேறு. கிட்டில் வருவதை மேல், கீழ் என்று பிரித்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ரிங்கை மாட்டும் முன் ரப்பர் மீது மெல்லிய பூச்சு வேண்டும். சில மேனுவல் பெட்ரோலே தடவச் சொல்லும், சில புது இன்ஜின் ஆயில் சொல்லும். இரண்டுமே சரி. விரல் நுனியில் ஒரு சொட்டு, ரப்பர் மினுங்கினால் போதும். சிலிக்கான் சீலன்ட் தடவக் கூடாது. பெட்ரோல் அதை உப்ப வைத்துப் பிய்த்து இன்ஜெக்டர் வாயில் கொண்டுபோய் வைக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ரிங்கை ஏற்றாதீர்கள், விரலாலேயே ஏறும்.

பிறகு இன்ஜெக்டரை ரெயிலுக்குள் நேராக, லேசாகத் திருகிக்கொண்டே தள்ளுங்கள். உள்ளே போனதும் கையால் இடமும் வலமும் சுற்றிப் பாருங்கள். வெண்ணெயில் சுற்றுவது போல வழுக்கிச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் பிடித்து ஓரிடத்தில் விட்டால் ரப்பர் மடங்கியிருக்கிறது, வெளியே எடுத்துப் புது ரிங் போட வேண்டும். ரெயிலை மேனிஃபோல்டில் அமர்த்திய பிறகும், போல்ட் இறுக்கும் முன் இதே சுற்றலை ஒவ்வொன்றிலும் செய்யுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் என் நடு இன்ஜெக்டர் கசிந்திருக்காது.

பூட்டுகிற கிளிப் இருந்தால் அதன் காது இன்ஜெக்டர் பள்ளத்திலும் ரெயில் உதட்டிலும் இரண்டிலும் விழ வேண்டும். ரெயிலுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே சின்ன ஸ்பேசர் இருக்கும் வண்டிகளில் அதை மறந்தால் ரெயில் சாய்ந்து உட்காரும். ஒரு முனை இன்ஜெக்டர் மட்டும் விடாமல் கசிந்தால், தரையில் ஸ்பேசர் கிடக்கிறதா என்று தேடுங்கள். போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, கடைசியில் மேனுவல் சொல்லும் டார்க் (இறுக்க விசை) அளவில் நிறுத்துங்கள்.

காலையில் கசிகிறது, சூடானால் நிற்கிறது

பழைய ரப்பரையே திரும்பப் போட்டிருக்கிறீர்கள். வருஷக்கணக்கில் ஒரே துளையில் இருந்து கடினமாகி, அந்த வடிவத்துக்கே தட்டையாகிவிட்டது. குளிரில் சுருங்கும்போது இடைவெளி விடும், சூட்டில் விரிந்து அடைக்கும். கசிவு நின்றுவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், புது ரிங் போடுங்கள்.

கனெக்டர் மாட்டும் இடத்தில், இன்ஜெக்டர் உடம்பில் ஈரம்

ரெயிலுக்குக் கீழே, உடம்பின் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்பில் ஈரம் ஊறினால் இன்ஜெக்டரே விரிசல் விட்டிருக்கிறது. கழற்றும்போது நெம்பினதாலோ கீழே விழுந்ததாலோ நடக்கும். எம்-சீல், பசை எதுவும் நிற்காது. புது இன்ஜெக்டர்தான். மின் இணைப்பும் பெட்ரோலும் ஒரே இடத்தில் இருப்பதால் இந்தக் கசிவோடு ஒரு முறைகூட ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ரெயில் முனையில், ஹோஸ் இணைப்பில் ஈரம்

க்விக் கனெக்டர் என்றால் 'டக்' என்று சத்தம் வர வேண்டும், வந்த பிறகு பின்னோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். அதன் உள்ளே இருக்கும் ரிங்கில் ஒரு மணல் துகள் இருந்தாலும் கசியும். பேஞ்சோ போல்ட் (உள்ளே துளை வழியாகப் பெட்ரோல் போகும் போல்ட்) வகை என்றால் இருபுறமும் இருக்கும் வாஷர்கள் ஒருமுறை நசுங்கியவை, திரும்ப நசுங்காது. இரண்டும் புதிது போடுங்கள். ரெயில் முனையில் பிரஷர் ரெகுலேட்டர் இருந்தால் அதற்கும் ஒரு ஓ-ரிங் உண்டு. ரெகுலேட்டரின் வெற்றிட ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். அதற்குள் பெட்ரோல் இருந்தால் உள்ளே இருக்கும் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கிறது. இன்ஜின் அந்த வழியாக அளவில்லாமல் பெட்ரோல் குடித்துக்கொண்டிருக்கும்.

வெளியே ஈரமே இல்லை, ஆனால் ஐடிலில் ஆடுகிறது

பெட்ரோல் வாடை இல்லை, ஐடில் ஏறி இறங்குகிறது, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் சரியாகிறது என்றால், கீழ் ரப்பரையோ மேனிஃபோல்ட் கேஸ்கட்டையோ சந்தேகப்படுங்கள். ஸ்கேனரில் பி0171 (கலவையில் பெட்ரோல் குறைவு என்னும் கோளாறு எண்) வரலாம். அதைவிட நம்பகமானது ஃப்யூல் ட்ரிம் எண், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது. ஐடிலில் கூட்டல் பத்துக்கு மேல் நின்று, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது. ஐடிலில் வெற்றிடம் அதிகம், அதனால் அங்கேதான் தெரியும்.

கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பது பலருக்குப் பழக்கம். சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும் திரவம். அதற்குப் பதில் சின்ன ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரை வைத்து இன்ஜெக்டர் அடியில் ஒரு தூவல் மட்டும் தூவுங்கள், கனெக்டரை நனைக்காமல். ஐடில் சத்தம் மாறினால் காற்று அங்கேதான் போகிறது. புகை விட்டுக் காற்றுக் கசிவைக் காட்டும் ஸ்மோக் மெஷின் வைத்திருக்கும் பட்டறை பக்கத்தில் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

வெளியே காய்ந்திருக்கிறது, ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, கறுப்புப் புகை, ஆயிலில் பெட்ரோல் வாடை

கண்ணுக்குத் தெரியாததால் இதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. இன்ஜெக்டரின் வாய் மூடாமல் உள்பக்கம் சொட்டுகிறது. டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் நீங்கள் ஊற்றியதைவிட ஏறியிருந்து, நீர்த்து, பெட்ரோல் வாடை அடித்தால் உறுதி. அந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது, கோளாறை நீக்கிய பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியே ஆக வேண்டும்.

செல்ஃப் அடிக்கும்போது 'டக்' என்று இடித்து நின்றால் மேலே வற்புறுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் பெட்ரோல் நிரம்பியிருக்கலாம். திரவத்தை நசுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷன் காயில் கனெக்டர்களைக் கழற்றித் தள்ளி வைத்து, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். துளை வாயில் துணி வையுங்கள். செல்ஃபில் சுற்றினால் பெட்ரோல் பீச்சும். ஒரு பொறி போதும். எந்த பிளக் நனைந்து வருகிறதோ அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர்தான் குற்றவாளி.

உறுதிப்படுத்த, இன்ஜெக்டர்கள் மாட்டியபடியே ரெயிலைத் தூக்கி, ஹோஸை மட்டும் இணைத்து, கிளிப்புகள் பூட்டியிருக்கிறதா என்று பார்த்து (இல்லையென்றால் அழுத்தத்தில் இன்ஜெக்டர் தெறித்து விழும்), ஒவ்வொன்றின் கீழும் ஒரு சின்னப் பாத்திரம் வையுங்கள். மின் கனெக்டர்களை மாட்டாமல் பம்ப்பை ஓட்டுங்கள். சில மேனுவல் நிமிஷத்துக்கு ஒரு சொட்டுக்குக் கீழ் வரை அனுமதிக்கும், டொயோட்டா போன்றவை 12 நிமிஷத்துக்கு ஒரு சொட்டு என்று கறாராகச் சொல்லும். நல்ல இன்ஜெக்டரின் வாய் பெரும்பாலும் லேசாக ஈரமாவதோடு நின்றுவிடும்.

சொட்டினால் இரண்டு காரணம். பூட்டும்போது உள்ளே போன தூசி ஊசி முனையில் சிக்கியிருக்கலாம். அல்ட்ராசோனிக் கிளீனிங் செய்து சோதனைப் பெஞ்சில் ஏற்றினால் பல நேரம் சரியாகும். இல்லையென்றால் ஊசி தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள்.

கனெக்டர் கழற்றியிருக்கும்போது சொட்டாமல், மாட்டிச் சாவியை ஆன் செய்ததும் பாய்ந்தால் கோளாறு இன்ஜெக்டரில் இல்லை, ஒயரில் இருக்கிறது. சாவி ஆனில் இருக்கும்போது இன்ஜெக்டருக்கு 12 வோல்ட் வந்து நிற்கும், ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) எர்த் பக்கத்தை இணைத்துத்தான் அதைத் திறக்கும். பூட்டும்போது அந்த எர்த் ஒயர் மேனிஃபோல்டுக்கு அடியில் நசுங்கி உலோகத்தைத் தொட்டால், சாவி ஆன் ஆன நொடியிலிருந்து இன்ஜெக்டர் திறந்தே நிற்கும். ஹார்னஸ் (ஒயர்க் கட்டு) போகும் பாதையை விரலால் தடவிக்கொண்டே போய் நசுங்கிய இடத்தைத் தேடுங்கள். இன்ஜெக்டர் காயிலையும் மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். இந்த வகை வண்டிகளில் சாதாரணமாக 12 முதல் 16 ஓம் வரை இருக்கும்.

வெளியிலும் உள்ளேயும் காய்ந்திருக்கிறது, அழுத்தம் மட்டும் இறங்குகிறது

பெட்ரோல் அழுத்தக் கேஜ் மாட்டிப் பார்த்து, பம்ப் நின்றதும் முள் சரசரவென்று இறங்கினால், டேங்கிலிருக்கும் பம்ப்பின் செக் வால்வு (ஒருவழி வால்வு) வழியாகப் பெட்ரோல் திரும்பிப் போகலாம். இன்ஜெக்டரைக் கழற்றிக்கொண்டே இருக்காமல் டேங்க் பக்கம் போங்கள்.

டீசல், நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால்

காமன் ரெயில் டீசலில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் ஏறும். கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. முடி மெல்லிசான பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும், வலி பெரிதாகத் தெரியாது, ஆனால் சில மணி நேரத்தில் விரலை இழக்கும் நிலை வரும். அப்படிப் பட்டுவிட்டால் உடனே மருத்துவமனை, காத்திருக்கக் கூடாது. இன்ஜெக்டரைச் சுற்றிக் கறுப்புத் தார் போலப் படிந்து, 'சுக் சுக்' என்று சத்தம் வந்தால் அது டீசல் கசிவல்ல. அடியில் இருக்கும் தாமிர வாஷர் வழியாகச் சிலிண்டர் வாயு வெளியேறுகிறது. வாஷர் உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து புது வாஷர் போட வேண்டும். நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோலில் முனையில் இருப்பது ரப்பர் அல்ல, டெஃப்லான் வளையம். ஏற்றவும் சுருக்கி அளவுக்குக் கொண்டுவரவும் தனிக் கருவி வேண்டும். கருவி இல்லாமல் கையால் முயற்சிக்க வேண்டாம்.

எல்லாம் பூட்டிய பிறகு

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் மறுபடி நான்கைந்து முறை சாவி ஆன், டிஷ்யூ சோதனை. பத்து நிமிஷம் விட்டு இன்னொரு முறை. காய்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்து, ஒருவர் டார்ச்சோடு ரெயிலைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் சாவியில் கை வைத்திருக்கட்டும். இன்ஜின் முழுச் சூடு ஏறும் வரை, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும் வரை பாருங்கள். மறுநாள் காலை, இரவு முழுக்கக் குளிர்ந்த இன்ஜினில் சாவியை ஆன் செய்து அதே இடங்களில் டிஷ்யூவை ஒற்றி எடுங்கள். அப்போதும் தாள் வெள்ளையாகக் காய்ந்தே வந்தால் வண்டியை ரோட்டில் எடுக்கலாம்.